கீமோ நடக்கும்போது ரிப்போர்ட்டுகளை எப்படி அடுக்கி வைப்பது?

கேள்வி:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட், ஃபிலிம், சிடி, பில் எல்லாம் ஒரே பையில் கிடக்கின்றன. டாக்டர் கேட்பதைத் தேடி எடுப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? ஃபோனில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

பதில் 1:
இப்போதைக்கு எதையும் கழிக்காதீங்க. ஒரு ரிங் ஃபைல் போதும். பயாப்ஸி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும், கீமோ, பில் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் புதியது மேலே இருக்கும்படி வையுங்க. தாள் கைக்கு வந்ததுமே பெயரும் மருத்துவமனை எண்ணும் சரியா என்று பாருங்க. இனிஷியல் மாறியிருந்தால் அங்கேயே திருத்தி வாங்கிடணும், இன்சூரன்ஸில் இது மாட்டும்.

ஃபைலின் முதல் தாள்தான் முக்கியம். நோயின் பெயர், ஸ்டேஜ், ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகள் (கட்டி ஹார்மோனுக்கும் ஹெர்2 புரதத்துக்கும் எப்படி என்று திசுவில் பார்க்கும் டெஸ்ட்), ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும் (நாட்டு மருந்து உட்பட), ராத்திரியிலும் எடுக்கும் மருத்துவமனை எண். கீமோ சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் யார் கூட இருந்தாலும் இந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியணும்.

பதில் 2:
கீமோ பகுதிக்கு ஒரு சேர்க்கை. பில்லில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் டே கேர் நர்ஸிடம் கேட்டு அன்றைக்கே எழுதுங்க. ஒரு வரி இப்படி இருக்கலாம்:

"3ஆம் சைக்கிள், 14-3-2025. உயரம் 150 செ.மீ., எடை 54 கிலோ. டாக்ஸோரூபிசின் 90 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 900 மி.கி. நாலாம் நாள் வாய்ப்புண்."

டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. ஆயுள் முழுக்கச் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள், உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. வரைதான் வழக்கமான எல்லை. பல வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் "இதுவரை எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டால் இந்த வரிகள்தான் பதில். ரேடியேஷன் கொடுத்தால் எந்த இடம், மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தவணை என்ற சம்மரியைக் கடைசி நாளிலேயே வாங்கிடுங்க.

பதில் 3:
ஃபோன் படம் அவசரத்துக்குச் சரி, ஸ்கேனுக்கு ஆகாது. இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது சிடியில் உள்ள டைகாம் படங்களைத்தான் (ஸ்கேன் மெஷின் பதிவு செய்யும் அசல் படங்கள்) கேட்பார்கள். அதேபோல பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் தேவைப்படும், ஏனென்றால் திசுவை அவர்களே மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். பிளாக்கைக் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்க, திரும்பக் கேட்டு வாங்குங்க. அது தொலைந்தால் புதிதாக ஒரு டெஸ்ட் போடத் திசு இருக்காது.

ஃபிலிமை லேமினேட் பண்ணாதீங்க, சூட்டில் கறுத்துவிடும். தெர்மல் தாளில் வரும் பில்லும் ஈசிஜியும் மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ். இன்சூரன்ஸுக்கு ஒரிஜினல் போகும் முன்னும் அப்படித்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சிடியை லேப்டாப்பில் காப்பி பண்ணினேன், ஒரு படமும் திறக்கவில்லையே?

பதில் 3:
படங்கள் மட்டும் போதும் என்று தனியாக எடுத்திருப்பீங்க. சிடியில் உள்ள எல்லா ஃபோல்டரையும், டைகாம்டிர் (DICOMDIR) என்ற ஃபைலோடு, பெயர் எதையும் மாற்றாமல் அப்படியே காப்பி பண்ணுங்க. வெளி ஃபோல்டருக்கு மட்டும் வருஷம் முன்னால் வருகிற மாதிரி "2025-03-02 சிடி ஸ்கேன் மார்பு" என்று பெயர் வைத்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும்.