டெக்ஸாஸ் கோர்ட் ரெக்கார்ட்ஸ் எப்படி எடுக்கறது?

கேள்வி: ஹூஸ்டன்ல 2014ல டிவோர்ஸ் ஆச்சு, இப்ப பாஸ்போர்ட்ல பேர் மாத்தணும், டிக்ரீ (கோர்ட் குடுத்த டிவோர்ஸ் தீர்ப்பு) காப்பி தொலைஞ்சு போச்சு. கேஸ் நம்பரும் ஞாபகம் இல்ல. பேசர் (PACER)ங்கற கோர்ட் ரெக்கார்ட்ஸ் சைட்ல தேடினேன், ஒண்ணுமே வரல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1: பேசர் ஃபெடரல் கோர்ட்டுக்கு மட்டும்தாங்க, பக்கத்துக்கு 10 சென்ட் வேற. டிவோர்ஸ் ரெக்கார்ட் எல்லாம் கவுண்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும். ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டியோட டிஸ்ட்ரிக்ட் கிளார்க் (கோர்ட் ரெக்கார்ட்ஸ் வச்சிருக்கற ஆபீஸ்) சைட்ல ரெண்டு பேர் பேரையும் போட்டு தேடுங்க, கல்யாணத்துக்கு முந்தின பேரையும் போட்டுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

பதில் 2: கவுண்டி கிளார்க் வேற, டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வேற, குழப்பிக்காதீங்க! கல்யாண லைசென்ஸ், வீட்டுப் பத்திரம்லாம்தான் கவுண்டி கிளார்க்கிட்ட. அப்புறம் ஆஸ்டின்ல இருக்கற ஸ்டேட் ஆபீஸ்ல கேட்டா டிவோர்ஸ் ஆனதுக்கு ஒரு லெட்டர்தான் தருவாங்க, டிக்ரீ தரமாட்டாங்க.

பதில் 1: ஆமா, முக்கியமா சீல் வச்ச சர்ட்டிஃபைட் காப்பின்னு கேளுங்க. சும்மா டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்தது பாஸ்போர்ட்டுக்கு செல்லாது.

கேட்டவர்: கேஸ் நம்பர் கிடைச்சிருச்சு!! பழைய இனிஷியல்ல இருந்துருக்கு 😅 ரொம்ப தேங்க்ஸ்ங்க