கிரிக்கெட்டில் ஆண், பெண் ஊதியம் உண்மையிலேயே சமமாகிவிட்டதா?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி):

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி மாவட்ட அணிக்குச் சுழற்பந்து வீசுகிறாள். அவளுடைய தந்தை என்னிடம், "சார், இதில் பிழைப்பு இருக்கிறதா?" என்று நேரடியாகவே கேட்டார். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று அறிவித்ததைச் சொல்லி, இனி வேறுபாடு இல்லை என்றேன். ஆசிரியர் அறையில் இதைக் கேட்ட சக ஆசிரியை ஒருவர், அந்த அறிவிப்பை வைத்து மட்டும் ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று மறுத்தார். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (கணக்காளர், திருச்சி):

ஐயா, நீங்கள் சொன்ன அறிவிப்பு உண்மைதான். டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய் என இருபாலருக்கும் ஒரே தொகை. அதற்கு முன்பு பெண்களுக்கு ஒருநாள் ஆட்டத்துக்கு 1 லட்சம்தான் கிடைத்தது என்பதால் இது சிறிய மாற்றமல்ல. ஆனால் ஆட்ட ஊதியம் என்பது வருமானத்தின் ஒரு பகுதி மட்டுமே. வாரியம் தேர்ந்தெடுத்த வீரர்களைப் பிரிவுகளாகப் பிரித்து ஆண்டுதோறும் தனியாகத் தரும் ஒப்பந்தத் தொகையும் உண்டு. 2024-25-இல் அதில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, கடைசிப் பிரிவுக்கு 1 கோடி. பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம், கடைசிப் பிரிவுக்கு 10 லட்சம். அதாவது இந்திய மகளிர் அணியின் தலைசிறந்த வீராங்கனை பெறும் ஒப்பந்தத் தொகை, ஆண்கள் பட்டியலின் கடைசிப் பிரிவில் இருப்பவர் பெறுவதில் பாதி. உங்கள் சக ஆசிரியை சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பதில் (விளம்பரத் துறையில் பணிபுரிபவர்):

எண்களை மறுக்கவில்லை. எனினும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐபிஎல் தொடரின் 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்தாண்டு உரிமைக்குக் கிடைத்தது 951 கோடி. ஒப்பந்தத் தொகை பார்வையாளர் கூட்டத்தைப் பொறுத்தே அமையும். அதை அநீதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து.

பதில் (முன்னாள் கல்லூரி அணி வீராங்கனை, சென்னை):

மேலே எழுதியவருக்கு வணக்கம். கூட்டம் வந்தால் பணம் வரும் என்கிறீர்கள். ஆடவே விடாத ஆட்டத்துக்குக் கூட்டம் எப்படி வரும் என்பதுதான் என் கேள்வி.

2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் நம் தமிழ்நாட்டின் திருஷ் காமினி 192 ரன் எடுத்தார். பூனம் ராவத்துடன் அவர் சேர்த்தது 275. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. ஆண்கள் அணியில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் 192 எடுத்திருந்தால் அடுத்த பத்து டெஸ்டுக்கு அவர் இடத்தை யாரும் தொட முடியாது. காமினிக்கு அடுத்த டெஸ்டே வரவில்லை. அவரை நீக்கினார்கள் என்று பொருளல்ல. இந்திய மகளிர் அணி அதன்பின் 2021 ஜூனில் பிரிஸ்டலில்தான் மீண்டும் டெஸ்ட் ஆடியது. ஆறரை ஆண்டுகள்! ஒரு மட்டையாளரின் நல்ல பருவம் முழுவதும் அதற்குள் முடிந்துவிடும். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆட்ட ஊதியம் சமமான பிறகும் இதே நிலைதான். 2024-இல் இந்திய ஆண்கள் அணி 15 டெஸ்ட் ஆடியது, பெண்கள் அணி ஒன்றே ஒன்று. எல்லா டெஸ்டும் ஆடிய ஆணுக்கு 2 கோடியே 25 லட்சம், பெண்ணுக்கு 15 லட்சம். ஓர் ஆட்டத்துக்கான ஊதியம் சமம்தான், ஆண்டு வருமானம் சமமில்லை. அந்த ஒரு டெஸ்ட் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. முதல் நாளிலேயே இந்தியா 4 விக்கெட்டுக்கு 525 ரன் குவித்தது. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தது 292. ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தார். இதைவிட என்ன ஆடிக் காட்ட வேண்டும்?

ஒளிபரப்பு உரிமைத் தொகையை ஒப்பிட்டீர்கள். ஐபிஎல் தொடங்கியது 2008-இல், மகளிர் லீக் தொடங்கியது 2023-இல். பதினைந்து ஆண்டுகள் தாமதமாகக் கடை திறக்கவைத்துவிட்டு வியாபாரம் குறைவு என்பது சரியான வாதமாக எனக்குப் படவில்லை. அந்த லீக்கின் ஐந்து அணிகளில் சென்னை இல்லை என்பதையும் உங்கள் மாணவியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

பதில் (விளம்பரத் துறையில் பணிபுரிபவர்):

ஆட்டங்களின் எண்ணிக்கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வாதத்தை ஏற்கிறேன். 2025 மகளிர் உலகக் கோப்பையில் சாம்பியனுக்கு 44.8 லட்சம் டாலர் பரிசு அளித்தார்கள். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் அது 40 லட்சம் டாலர். முடிவெடுத்தால் தொகையை உயர்த்த முடிகிறது என்பதற்கு இதுவே சான்று.

பதில் (முன்னாள் கல்லூரி அணி வீராங்கனை, சென்னை):

நன்றி. ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று: மாணவியின் தந்தையிடம் பிழைப்பு உறுதி என்று சொல்லாதீர்கள், வழியே இல்லை என்றும் சொல்லாதீர்கள். தேசிய அணியை எட்டும் சிலருக்கு மட்டுமே மேலே சொன்ன தொகைகள் எல்லாம். எனவே, படிப்பை விடாமல் மாநில வயதுப்பிரிவு அணிகளுக்கான தேர்வுக்கு அவளைத் தவறாமல் அனுப்புங்கள். சுழற்பந்து வீசுபவளுக்கு நாள் முழுவதும் நீண்ட ஸ்பெல் (இடைவிடாமல் ஒருவரே வீசும் ஓவர்களின் தொடர்) வீசிப் பழக வாய்ப்பு வேண்டும். உள்நாட்டில் பெண்களுக்கான மண்டல அணிகளின் பலநாள் போட்டி 2018-க்குப் பின் 2024-இல்தான் புனேவில் மீண்டும் நடந்தது. அதுவும் மூன்று நாள் ஆட்டம். ஆகவே பள்ளியிலேயே, ஆண் மாணவர்களின் வலைப்பயிற்சியில் அவளையும் சேர்த்து, பழைய பந்தைக் கொடுத்து நிறைய ஓவர்கள் வீசவிடுங்கள். அது உங்கள் கையிலேயே இருக்கிறது.