பல் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா, இல்லை அந்தப் பணத்தைத் தனியாகச் சேர்த்து வைக்கலாமா?

சொத்தைப்பல்:
என்னிடம் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால் விபத்தில் பல் உடைந்தால்தான் அதில் பணம் கிடைக்கும், மற்றபடி பல் விஷயம் எதுவும் அதில் வராது. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பல் முன்பே பிடுங்கியாகிவிட்டது, அந்த இடம் காலியாக இருக்கிறது. பல்லுக்கென்று தனியாக விற்கும் பாலிசிகளைப் பார்த்தால் பிரீமியம் குறைவு, 'முழுப் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

கண்ணாடிபோட்டவன்:
பிரீமியத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு வரம்பு. பெரும்பாலான பல் பாலிசிகள் ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு தொகையில் நிறுத்திவிடும், அதற்கு மேல் எல்லாம் உங்கள் கைக்காசு. சாதாரண மருத்துவக் காப்பீடு பெரிய செலவு வந்தால் தாங்குவதற்காக இருக்கிறது. பல் காப்பீடு பெரும்பாலும் அப்படி இல்லை, சின்னச் செலவுகளுக்கு நன்றாக உதவும், பெரிய செலவில் பாதியிலேயே கையை விரித்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிறைய திட்டங்கள் 100-80-50 என்ற கணக்கில் ஓடும். பரிசோதனை, க்ளீனிங், எக்ஸ்ரே செலவில் கம்பெனி 100 சதவீதம் தரும், ஃபில்லிங் மாதிரியானவைக்கு 80, கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்), பல்செட்டுக்கு 50. ரூட் கேனலைச் சிலர் 80-இல் வைப்பார்கள், சிலர் 50-இல் வைப்பார்கள், உங்களுக்கு அது ஒன்றே பெரிய வித்தியாசம். அப்புறம் காத்திருப்புக் காலம். பெரிய சிகிச்சைகளுக்கு 6 மாதம், 12 மாதம் என்று இருக்கும், பாலிசி எடுத்த மறுநாளே போய் கேப் போட்டுக்கொள்ள முடியாது.

பல்_மருத்துவமனை_கவுன்டர்:
கிளைம் பக்கம் வேலை பார்க்கிறேன், மேலே சொன்னது சரி. நான் தினமும் பார்க்கிற சண்டைகள் வேறு சில வரிகளால் வருகின்றன. உங்களைப் போல ஏற்கெனவே பல் போனவர்கள் 'பாலிசி தொடங்கும் முன் இழந்த பல்லுக்குப் பொறுப்பில்லை' என்ற விதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தக் காலி இடத்தில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தாலும் பிரிட்ஜ் வைத்தாலும் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று, மலிவான மாற்று சிகிச்சை விதி: கடைவாய்ப் பல்லில் பல் நிறத்தில் ஃபில்லிங் வைத்துக்கொள்வீர்கள், அவர்கள் வெள்ளி நிற ஃபில்லிங்குக்கான தொகையை மட்டும் தருவார்கள், மீதி உங்கள் தலையில்.

பெரிய வேலை என்றால் தொடங்கும் முன் மருத்துவமனையிலிருந்து சிகிச்சைத் திட்டத்தையும் எக்ஸ்ரேவையும் கம்பெனிக்கு அனுப்பி, எவ்வளவு தருவீர்கள் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். போனில் 'வரும் சார்' என்று சொன்னதை வைத்துக்கொண்டு யாரும் பணம் தரமாட்டார்கள். நீங்கள் போகிற டாக்டர் அவர்களுடைய நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள், கம்பெனியின் பட்டியல் பழையதாக இருக்கலாம்.

வேப்பங்குச்சி:
எனக்கு இந்த பாலிசிகள் மேலே பெரிய மரியாதை இல்லை. ஒரு வருடப் பிரீமியத்தையும், இரண்டு க்ளீனிங், ஒரு பரிசோதனைக்கு நேரடியாக ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல் நன்றாக இருக்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால், தனியாகச் சேர்த்து வைப்பதே மேல். குழந்தைகள் உள்ள வீடு, அடிக்கடி சொத்தை விழுகிற வாய், கம்பெனியே பாதிப் பிரீமியம் கட்டுகிற வேலை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் எடுக்கலாம்.

எப்படியும் செலவைக் குறைப்பது வாயைச் சுத்தமாக வைப்பதுதான். ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத பேஸ்ட், தினமும் இரண்டு தடவை, இரண்டு நிமிடம், துலக்கிய பிறகு நுரையைத் துப்பிவிட்டு விடுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம், ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறுகிறது, நாள் முழுக்கக் கொறித்தால் எச்சில் அதைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது.

சொத்தைப்பல்:
நன்றி. அப்படியானால் காத்திருப்புக் காலம் முடியும்வரை ரூட் கேனலைத் தள்ளிப் போடலாமா? இப்போது வலி இல்லை. துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

பல்_மருத்துவமனை_கவுன்டர்:
தள்ளிப் போடாதீர்கள். வலி நின்றது நரம்பு செத்துப்போனதாலும் இருக்கலாம், கிருமி உள்ளே வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கும், பல்லைக் காப்பாற்ற முடியாமல் போனால் கேப் செலவு இம்ப்ளான்ட் செலவாகிவிடும். ரூட் கேனலை இப்போதே கைக்காசில் முடியுங்கள். கேப்பை எவ்வளவு நாள் தள்ளலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் ரொம்ப நாள் தாங்காது, பிளந்துவிடும். ஈறில் ரத்தம் வருவது ஆரம்ப நிலையாக இருந்தால் க்ளீனிங் செய்து, பல்லிடுக்கையும் தினமும் சுத்தம் செய்தால் சரியாகும். ரூட் கேனலுக்குப் போகும்போதே ஈறையும் காட்டிவிடுங்கள், சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.