‘நாயனம் 2’ என்று தாளில் வந்தால்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோவில் பாடகர் குழுவுக்கு டோரிக்கோ என்ற இசை எழுதும் மென்பொருளில் நொட்டேஷன் எழுதித் தருகிறேன். போன கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுக்குக் குரல்கள், வயலின், கீபோர்டு, கூடவே இரண்டு நாயனமும் ஒரு தவிலும். நாயனம் இரண்டும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி, அதாவது நீளமான வகை. சுருதி இரண்டரைக் கட்டை. அதை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடியாது, பாட்டுதான் ஈ ஃப்ளாட்டுக்கு வரவேண்டும். வித்வான்கள் ஐந்து கோட்டு ஸ்டாஃப் பார்ப்பதில்லை என்பதால் பாடல் வரி போடும் இடத்தில் ச ரி க ம தட்டிக் கொடுத்தேன்.

ஒரே பெயரில் இரண்டு வாத்தியம், இரண்டு ஆள் இருந்தால் டோரிக்கோ தானாகவே 1, 2 என்று எண் போட்டுவிடும். இரண்டாம் தாள் போனது வயதில் மூத்தவரிடம். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“தம்பி, இதை யாராவது படம் புடிச்சுப் போட்டா அடுத்த முகூர்த்தத்துல இருந்து நான் ரெண்டாம் நாயனம்தான். பரவாயில்லையா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்குள் இது லேசான விஷயம் இல்லை என்பது மேளக்காரர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

டோரிக்கோவில் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. ஆள் ஒன்று, அவர் கையில் இருக்கும் வாத்தியம் ஒன்று, அச்சாகும் தாள் ஒன்று. எல்லார் வரியும் சேர்ந்திருக்கும் ஸ்கோரின் இடது ஓரத்தில் சாதாரணமாக வருவது வாத்தியத்தின் பெயர்; முதல் வரிசையில் முழுதாக, அடுத்தடுத்த வரிசைகளில் சுருக்கமாக. அதை உட்காரும் பக்கத்தை வைத்து ‘நாயனம் வலம்’, ‘நாயனம் இடம்’ என்று மாற்றினேன். பெயர் வேறாகிவிட்டதால் எண் போய்விட்டது. சுருக்கப் பெயர் நா.வ., நா.இ. தமிழ்ப் பெயர்கள் அகலமானவை. சுருக்காவிட்டால் பக்கத்தில் பாதியை அவையே தின்றுவிடும்.

தாளின் தலைப்பு தனி. அங்கே கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல ஊர், பட்டம், பெயர் எல்லாம் நீளமாகப் போட்டேன். ஸ்கோரை அது தொடவே இல்லை. பெரியவருக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்துவிட்டது, நொட்டேஷனைவிடத் தலைப்பைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

குழுவில் ஒரு பையன் முதல் சரணத்தில் ஜால்ரா, அடுத்ததில் கஞ்சிரா. இதற்கு இரண்டு ஆள் சேர்க்கக் கூடாது. ஒரே ஆளுக்குக் கீழே இரண்டு வாத்தியம் வைத்தால் ஒரே தாள் வரும், மாற்றவேண்டிய இடத்தையும் மென்பொருளே குறித்துக் கொடுக்கும்.

அப்புறம் தவில். ஐந்து கோடு அதற்குத் தேவையில்லை. இரண்டு கோடு போதும்: மேலே கூடு மாட்டிய விரல் அடிக்கும் வலந்தலை, கீழே கழி அடிக்கும் தொப்பி. கோடுகளுக்கும் அந்தப் பெயர்களையே வைத்தேன்.

இன்னொன்று. பெயரை மாற்றினால் ஒலி மாறாது. மென்பொருளில் நாயனத்துக்கு நான் எடுத்தது ஓபோ என்ற மேற்கத்திய வாத்தியத்தின் ஒலி. இரண்டுமே சீவாளி வைத்து ஊதுபவை என்பதால் அதுதான் கிட்டத்தில் வந்தது. ஒத்திகைக்கு அனுப்பிய ஆடியோவைத் தவில்காரர் கேட்டுவிட்டு, “யாருங்க இது, சளி புடிச்ச மாதிரி வாசிக்கிறது?” என்றார். அதிலிருந்து ஒத்திகை ஆடியோவில் நாயன வரியை மியூட் செய்துதான் அனுப்புகிறேன்.