எக்நாக் திரிந்துபோயிற்று, மறுபடி செய்யும் முன் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பம் சாப்பிட வருகிறது. போன வருடம் அவர்கள் வீட்டில் குடித்த எக்நாக் (முட்டை, பால், க்ரீம், சர்க்கரை சேர்த்துச் செய்யும் பானம்) என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த முறை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இப்போது ஆறாவது மாதம், அதனால் பச்சை முட்டையும் கூடாது, ரம்மும் கூடாது.

நேற்று 6 மஞ்சள் கருவை அரை கப் சர்க்கரையோடு வெளுக்கும் வரை அடித்தேன். சூடான 2 கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி அடுப்பில் வைத்துக் கிண்டினேன். கெட்டியாக ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு க்ரீம் எடுக்கப் போனேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் அடியில் முட்டைப் பொரியல் மாதிரி கட்டி கட்டியாக நிற்கிறது, கவிச்சி வேறு. எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, வீட்டில் கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா?

கேட்டவர்:
கரண்ட்தான் அக்கா, சுருள் கம்பி வைத்தது.

பதில் 1:
அப்படியானால் அதுதான் காரணம். அணைத்த பிறகும் அந்தச் சுருள் வெகுநேரம் கொதிப்பாகவே இருக்கும். பாத்திரம் அதன் மேலேயே இருந்ததால் அடியில் வெந்துகொண்டே போயிருக்கிறது. நீங்கள் கலந்த முறையில் தப்பே இல்லை.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை பாதுகாப்பாக வேக 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வர வேண்டும். 180-ஐத் தாண்டினால் திரிய ஆரம்பித்துவிடும். நான் 165-லேயே இறக்கிவிடுவேன். மரக்கரண்டியின் முதுகில் பூசினாற்போல ஒட்டும். விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்கும். அந்தப் பதம்தான். இறக்கிய கையோடு 1 கப் குளிர்ந்த க்ரீமை ஊற்றுங்கள், சூடு அங்கேயே நின்றுவிடும். அதனால் க்ரீமை முதலிலேயே அளந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பதில் 2:
எதற்கு இவ்வளவு வேலை? பச்சை முட்டையில் போர்பன் விஸ்கி ஊற்றி மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்தால் கிருமி செத்துவிடும். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் முட்டையில் வரும் சால்மோனெல்லா கிருமியை வேண்டுமென்றே கலந்தே சோதித்திருக்கிறார்கள்.

பதில் 1:
அந்தச் சோதனை உண்மைதான். ஆனால் அதில் மது கிட்டத்தட்ட 20 சதவீதம். இவர் கேட்பது கர்ப்பிணி குடிப்பதற்கு. மது இல்லாமல் பச்சை முட்டையை ஊறவைத்தால் கிருமி பெருகத்தான் செய்யும். தயவுசெய்து இந்த யோசனையை இங்கே சொல்லாதீர்கள்.

பதில் 3:
கவிச்சிக்கு ஒன்று சொல்கிறேன். பொடியாக விற்கும் ஜாதிக்காயை விட்டுவிடுங்கள். முழுக் காயாக வாங்கி, பரிமாறும்போது ஒவ்வொரு கோப்பையின் மேலும் துருவுங்கள். காயின் வெட்டுவாயில் பழுப்புக் கோடுகள் தெரியும், துருவத் துருவ அந்த வாசனை அறையெல்லாம் பரவும். அளவு மட்டும் மீற வேண்டாம், கசந்துவிடும். பாலில் ஒரு சிட்டிகை உப்பும் வெனிலாவும் சேருங்கள். முதல் நாள் இரவே செய்து வைத்தால் ருசி நன்றாகச் சேர்ந்திருக்கும். ஃப்ரிட்ஜில் ரொம்ப இறுகியிருந்தால் கொஞ்சம் குளிர்ந்த பால் விட்டுக் கலக்கினால் போதும்.

கேட்டவர்:
அக்கா, இன்று மறுபடி செய்தேன். 165 வந்ததும் பாத்திரத்தை அடுப்பை விட்டே தூக்கிக் கல் மேடையில் வைத்து க்ரீமை ஊற்றினேன். வடிகட்டியில் ஒரு கட்டிகூடத் தங்கவில்லை! மனைவி அரைக் கோப்பை குடித்துவிட்டு, மீதியை விருந்தாளிகளுக்கு வைக்கவா வேண்டும் என்கிறாள். பெரியவர்களுக்கு ரம்மைத் தனியாக மேஜையில் வைத்துவிடலாம்தானே?

பதில் 1:
தாராளமாக. வேண்டியவர்கள் அவரவர் கோப்பையில் ஊற்றிக்கொள்வார்கள். மிச்சத்தை இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். தங்கச்சி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.