யார்க்கில் ஒரு நாள் போதுமா?

அத்தான்: யார்க் லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தானாம். காலையில் வந்து யார்க்கையும் உன்னையும் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடுகிறோம்.

நான்: வேண்டாம் அத்தான், ஓர் இரவாவது தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் இந்த ஊரே அழகு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

பாப்பா: சித்தி, முக்கியமாக எங்கே போகவேண்டும்?

நான்: ஊரைச் சுற்றியுள்ள பழைய கோட்டை மதில்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே எதிரில் தெரியும். கட்டணம் கிடையாது. மொத்தம் சுமார் மூன்றரை கிலோமீட்டர், நடுவில் சில இடங்களில் மட்டும் விட்டுப்போயிருக்கும். நீங்கள் வருவது ஏப்ரல் தொடக்கம் என்பதால் மதிலடி மண்மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும். ஸ்டேஷன் பக்கம் ஏறி லெண்டல் பாலத்தை நோக்கி நடந்தால் மின்ஸ்டர் தேவாலயம் நேர் எதிரே நிற்கும். பாலம் தாண்டி பூத்தம் பாரில் மறுபடி ஏறி மாங்க் பார் வரை போங்கள். எனக்குப் பிடித்த பகுதி அது.

அக்கா: பாரா? அங்கெல்லாம் எதற்கு?

நான்: குடிக்கிற பார் இல்லை அக்கா 😄 இங்கே பார் என்றால் கோட்டை வாசல், கேட் என்றால் தெரு. இந்தக் கேட், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைகிங்குகள் விட்டுப்போன சொல்.

அக்கா: முழங்கால் வலியோடு ஏற முடியுமா?

நான்: படி செங்குத்து, சில இடங்களில் கைப்பிடிச் சுவரும் இல்லை. நீ ஏற வேண்டாம். மியூசியம் கார்டன்ஸில் உட்கார்ந்திரு, இடிந்த மடாலயச் சுவர்களுக்கு நடுவே நல்ல புல்வெளி. அவர்கள் இறங்கி வரட்டும்.

அத்தான்: தேவாலயத்துக்கு டிக்கெட் உண்டா?

நான்: உண்டு, ஆனால் தாராளமாகக் கொடுக்கலாம். கிழக்குப் பக்கத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலை எல்லோரும் காட்டுவார்கள். 1405 முதல் 1408 வரை கண்ணாடிக் கலைஞர் ஜான் தார்ன்டன் செய்தது, கிட்டத்தட்ட டென்னிஸ் மைதானம் அளவு. அதைப் பார்த்துவிட்டு வடக்குப் பக்கம் வாருங்கள். அங்கே ‘ஐந்து சகோதரிகள்’ என்று உயரமான ஐந்து ஜன்னல்கள். 13ஆம் நூற்றாண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் கண்ணாடித் துண்டுகள். பெரும்பாலும் படமே இல்லை, சாம்பலும் பச்சையுமாக மழை நாள் வெளிச்சம் மாதிரி இருக்கும். 1925இல் அதை முதல் உலகப் போரில் இறந்த பெண்களின் நினைவாக்கினார்கள். பக்கத்தில் மரப் பலகைகளில் பெயர் பெயராக எழுதியிருக்கிறது: நர்ஸுகள், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அக்கா, நாம் இருவரும் அங்கே கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் நான் இரண்டு மூன்று பெயரையாவது படித்துவிட்டுத்தான் வருவேன்.

அக்கா: கட்டாயம் நிற்கலாம்.

நான்: மாலைப் பாட்டு வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்வோம்.

பாப்பா: ஷாம்பிள்ஸ் தெரு?

நான்: காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய்விடு, மதியம் தோளோடு தோள் உரசும். பழைய கறிக்கடைத் தெரு அது. மாடிகள் எதிரெதிரே சாய்ந்து நிற்கும். கடை ஜன்னலுக்கு மேலே பார், இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன.

அத்தான்: ரயில் மியூசியத்தை விட்டுவிட்டாயே!

நான்: பொன்மலை ரயில் பணிமனைக்காரருக்கு அதை மறப்பேனா? நுழைவு இலவசம். பெரிய கூடத்தில் இன்ஜினைத் திருப்பும் வட்டமேடையான டர்ன்டேபிளைச் சுற்றி இன்ஜின்கள் நிற்கும். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய மல்லார்ட் இன்ஜின் அங்கேதான் இருக்கிறது. நீராவி இன்ஜினில் இன்றுவரை அதுதான் உலக சாதனை. ஜப்பான் புல்லட் ரயில் பெட்டியில் ஏறியும் உட்காரலாம். உங்களுக்கு அரை நாள் வேண்டும் அத்தான்.

அத்தான்: சரி, திரும்பும் டிக்கெட்டை மறுநாள் மாலைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

நான்: நல்லது! வந்தன்று மியூசியம், மறுநாள் காலை மதில். எட்டு மணிக்குத் திறப்பார்கள், இருட்டினால் பூட்டிவிடுவார்கள். போன வருடம் வந்தவர்கள் சாயங்காலம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். பாப்பா, ஏழு மணிக்கு எழுப்புவேன்.