மறு: மேகப் பிணைய வழிப்பட்டியலை நிரல்வழி வினவுதல் – 'தாங்குபட்டியல்' என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேகக் கணிமையில், எந்த முகவரிக்குப் போகும் தரவை எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று குறித்துவைக்கும் 'ரூட் டேபிள்' என்பதைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்று இந்த இழையில் நடந்துவரும் உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நாகர்கோவிலில் பட்டயப் படிப்பு முடித்த மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். அவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதால் இச்சொற்கள் எனக்கு உடனடித் தேவையாக இருக்கின்றன. இதுவரை பேசப்பட்ட சொற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு, இழையில் இன்னும் யாரும் தொடாத 'மெயின் ரூட் டேபிள்' என்பதற்கு வருகிறேன். மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் அதுதான்.

'ரூட் டேபிள்' என்பதற்கு 'வழிப்பட்டியல்' போதும் என்பது என் நிலைப்பாடு. 'வழிச்செலுத்தல் அட்டவணை' பொருளில் குறையற்ற சொல்தான். ஆனால் அதன் முன்னும் பின்னும் அடைமொழிகள் சேரும்போது ஒரு தொடரே முழு வரியை அடைத்துக்கொள்கிறது. 'வழிப்பட்டியலில்', 'வழிப்பட்டியலுக்கு' என்று வேற்றுமை உருபு ஏற்கும்போதும் பட்டியல் இடறாமல் வருகிறது. 'தடப்பட்டியல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தடம் என்பது ஏற்கெனவே ஒன்று சென்றுபோன சுவடு. அதை, தரவு கடந்துபோகும் வழியைக் காட்டும் 'ட்ரேஸ்ரூட்' என்ற கருவிக்கு ஒதுக்கிவைத்து 'தடமறிதல்' என்று சொல்வதே பொருந்தும்.

> 'வழிவரிசை' என்றால் சொல் சிறியதாகவும் சொல்வதற்கு இனிமையாகவும் இருக்கும்.

தக்கலையிலிருந்து எழுதும் ஆசிரியை அவர்களின் இந்த வரியைப் படித்தபோது முதலில் எனக்கும் அச்சொல் பிடித்திருந்தது. ஆனால் 'வரிசை' என்று சொன்னவுடன் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் ஏறிவிடும். வழிப்பட்டியல் அப்படி இயங்குவதில்லை. ஒரு பட்டியலில், எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்ற இலக்குக்கு ஒரு வழியும், 10.0.0.0/8 என்ற இலக்குக்கு இன்னொரு வழியும், 10.40.0.0/16 என்ற இலக்குக்கு மூன்றாவது வழியும் இருப்பதாகக் கொள்வோம். 10.40.7.9 என்ற முகவரிக்குப் போகும் பொதி (பிணையத்தில் செல்லும் தரவுத் துண்டு) இம்மூன்றோடும் பொருந்துகிறது. எனினும் அது மூன்றாவது வழியில்தான் போகும், ஏனெனில் மூன்றிலும் நீளமான முன்னொட்டை, அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண்ணை, உடையது அதுவே. அவ்வழி பட்டியலின் தலையில் எழுதப்பட்டிருந்தாலும் கடைசியில் எழுதப்பட்டிருந்தாலும் விளைவு மாறாது. மாறாக, அமேசான் மேகத்தில் உட்பிணையங்களின் (பெரிய பிணையத்துக்குள் பிரித்த சிறு பகுதிகளின்) வாசலில் நிற்கும் அணுகல் விதிகள் எண்ணிடப்பட்டவை. சிறிய எண்ணிலிருந்து தொடங்கி, முதலில் பொருந்தும் விதியோடு முடிவு நின்றுவிடும். ஆகவே ஆசிரியை அவர்களின் 'வரிசை' என்ற சொல் வீணாக வேண்டியதில்லை. அதை அங்கே கொண்டுபோய் 'விதிவரிசை' என்று வழங்கினால் இரண்டு அமைப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும்.

> நம் மாவட்டத்தில் சானலும் மடையும் தெரியாத பிள்ளைகள் இல்லை. 'மடைப்பட்டியல்' என்று வைத்தால் விளக்கவே வேண்டாம்.

இவ்வாறு எழுதிய ஐயா அவர்களின் முன்மொழிவை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரைத் தோவாளை சானலும் அனந்தனார் சானலும் கொண்டுவருவதைக் கண்டே வளர்ந்த மாணவர்களிடம் கிளைபிரிதலை விளக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஆனால் மடை என்பது அளவைப் பற்றிய ஏற்பாடு. மேலே எவ்வளவு திறந்தார்கள், வழியில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கு கடைவரம்பு வயலில் தண்ணீர் எட்டுகிறதா இல்லையா என்பது அமைகிறது. வழிப்பட்டியலில் அளவு என்ற பேச்சே இல்லை. ஓர் இலக்கோடு பொருந்திய பொதி முழுவதுமாக அந்த வழியில் போகும். முன்னால் போன பொதிகளால் பின்னால் வருபவற்றின் பங்கு குறைந்துவிடாது. வேலையை எடையிட்டுப் பல வழங்கிகளுக்குப் (சர்வர்களுக்கு) பகிர்ந்தளிக்கும் 'லோட் பேலன்சர்' பற்றிப் பேசும்போது மடை என்ற சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அது அங்கே இயல்பாக அமரும் என்று நம்புகிறேன்.

இனி என் முதன்மையான செய்திக்கு வருகிறேன்.

வகுப்பில் ஒரு மாணவியிடம் ஓர் உட்பிணையத்தின் அடையாளத்தைக் கொடுத்து, அதிலிருந்து வெளியேறும் பொதிகள் எந்த வாயில் வழியாகப் போகின்றன என்பதைப் பைத்தான் நிரல் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன். அவர், அமேசான் மேகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் 'போடோ3' நிரலகத்தை இறக்குமதி செய்து, 'டிஸ்கிரைப்_ரூட்_டேபிள்ஸ்' என்ற செயல்கூற்றை அழைத்து, 'அசோசியேஷன்.சப்நெட்-ஐடி' என்ற வடிகட்டியில் அந்த அடையாளத்தைச் சரியாகவே கொடுத்தார். திரையில் 'ரூட்டேபிள்ஸ்' என்ற சாவிக்கு எதிரே இரண்டு சதுர அடைப்புக்குறிகள் மட்டும் நின்றன, நடுவே ஒன்றுமில்லை. அதன் கீழே மறுமொழி பற்றிய விவரங்களில் நிலைக்குறியீடு 200 என்று இருந்தது. அதாவது வினவல் பழுதின்றி நிறைவேறியிருந்தது. 'இந்த உட்பிணையத்துக்கு வழிப்பட்டியல் இல்லை. ஆகையால் இதிலிருந்து எதுவும் வெளியே போகாது' என்று அவர் விடைத்தாளில் எழுதினார். அதே நேரத்தில் அந்த உட்பிணையத்தில் இருந்த வழங்கி இணையத்திலிருந்து மென்பொருள் புதுப்பிப்புகளைத் தங்குதடையின்றி இறக்கிக்கொண்டிருந்தது.

அமேசான் மேகத்தில் வழிப்பட்டியல் இல்லாத உட்பிணையம் என்று ஒன்று கிடையாது. தனிப்பயன் மேகப்பிணையம் (மேகத்தில் நமக்கென ஒதுக்கப்படும் பிணையம், 'விபிசி') ஒன்றை உருவாக்கும்போதே அதற்கென ஒரு வழிப்பட்டியலும் தானாகப் பிறக்கிறது. எந்த உட்பிணையத்துக்கு நாம் தனியாக ஒரு பட்டியலைக் குறித்துக் கொடுக்கவில்லையோ, அதை இந்தப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட உட்பிணையங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. எனவே உட்பிணையத்தின் அடையாளத்தைக் கொண்டு வடிகட்டினால் வெறுமைதான் திரும்பும். அந்த வெறுமையின் பொருள் 'இல்லை' என்பதன்று, 'தனியாகக் குறிக்கப்படவில்லை' என்பதே. முதல் வினவல் வெறுமையாக வந்தால், மேகப்பிணையத்தின் அடையாளத்தையும் 'அசோசியேஷன்.மெயின்' என்பதற்கு 'ட்ரூ' என்ற மதிப்பையும் வடிகட்டிகளாகக் கொடுத்து இரண்டாவது முறை வினவ வேண்டும். மாணவி அவ்வாறு வினவியபோது 0.0.0.0/0 என்ற இலக்குக்கு எதிரே, அந்த வழங்கி இதுவரை பயன்படுத்திவந்த, உள்முகவரியை மாற்றி இணையத்துக்கு அனுப்பும் முகவரிமாற்று வாயிலின் ('நேட் கேட்வே') அடையாளம் வந்து நின்றது.

இந்தப் பட்டியலைத்தான் ஆங்கிலத்தில் 'மெயின்' என்கிறார்கள். நாமும் 'முதன்மை வழிப்பட்டியல்' என்று எழுதிவருகிறோம். முதன்மை என்ற சொல் தமிழில் சிறப்பையும் தலைமையையும் சுட்டுகிறது. அதைப் படிக்கும் மாணவர், முக்கியமான உட்பிணையங்கள் எல்லாம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நடைமுறையோ இதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் உட்பிணையத்துக்கும் தனிப்பட்டியல் கொடுத்துவிட்டு, முதன்மை என்று நாம் அழைக்கும் இந்தப் பட்டியலில் பிணையத்துக்குள்ளேயே செல்லும் உள்ளக வழி ஒன்றை மட்டும் விட்டுவைப்பதே பாதுகாப்பான முறை. அப்போதுதான், யாரேனும் புதிய உட்பிணையத்துக்குப் பட்டியல் குறிக்க மறந்துபோனாலும் அது இணையத்துக்குத் திறந்து கிடக்காது. கேட்பாரற்று வருவதை ஏற்பதுதான் இந்தப் பட்டியலின் தொழில், தலைமை தாங்குவதன்று.

மாற்றுச் சொற்களைத் தேடியபோது முதலில் தோன்றியது 'பொதுப்பட்டியல்'. ஆனால் இணையத்தை நேரடியாக அடையக்கூடிய 'பப்ளிக் சப்நெட்' என்பதை நாம் 'பொது உட்பிணையம்' என்று வழங்குவதால், அதற்கு உரிய பட்டியல் இதுவே என்று தவறாகக் கொள்ள நேரும். பாதுகாப்பைப் பொறுத்தவரை இது ஆபத்தான குழப்பம். 'இயல்புப்பட்டியல்' என்றால் 0.0.0.0/0 என்ற இலக்குக்கு நாம் வழங்கும் 'இயல்பு வழி'யோடு மோதுகிறது. இயல்பு வழி எந்தப் பட்டியலிலும் இருக்கலாம். 'தாய்ப்பட்டியல்' என்ற சொல் மனத்துக்கு நெருக்கமானது, பிணையத்தோடு கூடவே பிறப்பதால் பொருத்தமும் உடையது. ஆனால் வேறொரு பட்டியலை அந்த இடத்தில் அமர்த்த நிர்வாகிக்கு உரிமை உண்டு. அமர்த்திய பிறகு பழையது சாதாரணப் பட்டியலாகிவிடும். அந்த இடத்தில் இருக்கும்வரை அதை அழிக்க முடியாது, இடம் மாறியபின் அழிக்கலாம். மாறி மாறி ஏற்கும் ஒரு பொறுப்புக்குத் தாய் என்று பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே நான் முன்வைப்பது 'தாங்குபட்டியல்'. சுமைதாங்கி, இடிதாங்கி என்ற சொற்களில் வரும் அதே 'தாங்கு' இது. வருவதை ஏற்றுக்கொள்வது என்ற பொருள் கேட்டவுடன் விளங்குகிறது. தாங்கும் வேலையைச் செய்யும்வரைதான் அந்தப் பெயர் என்ற குறிப்பும் அதில் அடங்கியிருக்கிறது. இது வினைத்தொகை, ஆதலால் 'தாங்குப்பட்டியல்' என்று ஒற்று மிகுத்து எழுதக் கூடாது. அகராதியில் ஏற்றும்போது இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இதனோடு சேர்ந்தே வரும் 'அசோசியேஷன்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'இணைப்பு' ஏற்கெனவே பல பொருள்களில் தேய்ந்துவிட்டது. பிணைய இணைப்பு, கோப்பு இணைப்பு என்று எங்கும் அதுவே வருகிறது. 'சார்பு' என்பது கணக்கிலும் நிரலிலும் 'ஃபங்ஷன்' என்பதற்கு நிலைபெற்றுவிட்டது. 'சார்வு' என்ற பழஞ்சொல் நம் துறையில் இன்னும் ஆளப்படாமல் இருக்கிறது. ஓர் உட்பிணையம் எந்தப் பட்டியலைச் சார்ந்து நிற்கிறது என்பதே இங்கே செய்தி என்பதால், 'சார்வு' நேராகப் பொருந்துகிறது. நாமே குறித்துக் கொடுத்தால் 'வெளிப்படைச் சார்வு', குறிக்காதபோது தாங்குபட்டியலின்மேல் அமைவது 'உட்கிடைச் சார்வு'. 'இம்ப்ளிசிட்' என்பதைச் சிலர் 'மறைமுக' என்று எழுதுகிறார்கள். மறைமுகம் என்றால் நடுவே வேறொன்று இருப்பதாகப் பொருள்படும். இங்கே நடுவில் எதுவும் இல்லை, சொல்லாமல் அமைந்துவிட்டது என்பதே உண்மை. இந்த இரு சொற்களும் இருந்தால், மாணவி கண்ட வெறுமையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: உட்பிணையத்தின் அடையாளத்தைக் கொண்ட வடிகட்டி வெளிப்படைச் சார்வுகளை மட்டுமே தேடும், அவை இல்லாதபோது தாங்குபட்டியலை வினவ வேண்டும்.

மற்றச் சொற்களில் நான் நீண்ட வாதம் எதையும் காணவில்லை. வழி சுட்டிய வாயில் போன்றது அழிந்துபோனதால் பயனற்றுப்போன வழியின் நிலையை மறுமொழி 'பிளாக்ஹோல்' என்று காட்டும். பள்ளி இயற்பியலிலேயே மாணவர்களுக்கு அறிமுகமான 'கருந்துளை' இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'கருந்துளை வழி' என்றே எழுதுவேன். ஒருவர் கையால் சேர்த்த வழியை 'இட்ட வழி' என்றும், வெளியிலுள்ள நம் பிணையத்தை மேகத்தோடு இணைக்கும் மெய்நிகர் தனிவாயிலிலிருந்து தானே வந்து சேர்ந்ததைப் 'பரவிய வழி' என்றும் வேறுபடுத்தலாம். இரண்டுக்கும் இலக்கு ஒன்றேயானால் இட்ட வழியே வெல்லும். பட்டியல்கள் பல இருந்து மறுமொழி பக்கம் பக்கமாகப் பிரிந்து வரும்போது அடுத்த பக்கத்தைக் கேட்கப் பயன்படும் 'நெக்ஸ்ட்டோக்கன்' என்பதைத் 'தொடர்ச்சீட்டு' எனலாம்.

'வினவல்' என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். நிரலகம் வழியே நாம் வினவுவது பொதிகளைக் கடத்தும் அடுக்கை அன்று. எவ்வாறு கடத்த வேண்டும் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அடுக்கையே வினவுகிறோம். அந்த அழைப்பினால் ஒரு பொதிகூட அந்த வழியில் பயணம் செய்வதில்லை. ஆகவே வினவல் என்ற சொல்லை இந்தப் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொதியை உண்மையில் அனுப்பிப் பார்ப்பதைச் 'சோதனை' என்று தனியே குறிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டியலில் வழி இருக்கிறது என்று வினவல் சொன்னாலும், விதிவரிசையோ தீச்சுவரோ (ஃபயர்வால்) தடுத்தால் சோதனை தோற்கும். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பிழை எங்கே என்று தேடுபவர் திசை தெரியாமல் நிற்பார்.

'தாங்குபட்டியல்' எல்லா மேகங்களுக்கும் பொருந்தாது என்பதையும் அகராதியில் குறிப்பிட வேண்டும். கூகுள் மேகத்தில் உட்பிணையத்துக்கு ஒரு பட்டியல் என்ற அமைப்பே இல்லை; வழிகள் முழுப் பிணையத்துக்கும் உரியவை. மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் நாம் பட்டியல் எதையும் இணைக்காவிட்டாலும் அமைப்பே தரும் வழிகள் இயங்கும். நாம் எழுதியவையும் அமைப்பு தந்தவையும் சேர்ந்து ஒரு பிணைய இடைமுகத்தில் இறுதியாக நடைமுறைக்கு வருபவற்றை 'எஃபெக்டிவ் ரூட்ஸ்' என்று தனியே வினவலாம். இதற்கு 'நடைமுறை வழிகள்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அஸூரில் நாள்தோறும் பணிபுரியும் உறுப்பினர்கள் இதைவிடச் செறிவான சொல்லைத் தந்தால் ஏற்றுக்கொள்வேன். 'தாங்குபட்டியல்', 'சார்வு' ஆகிய இரண்டுக்கும் மறுப்பு இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். கையேட்டின் பிணைய இயலை அச்சுக்கு அனுப்புமுன் அவற்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து,
அன்புடன்.